ஐந்தாங் குழுவும் ஒரு கோலும்

உதைபந்தாட்டம் பற்றிப் பேசுவோர் இறுதியாட்டத்தையே பெரிதும் பேசுவர். கிண்ணத்தை ஏந்திய அணியின் பெயரே மக்கள் நினைவில் நிலைக்கின்றது. அவ்விறுதியாட்டத்துக்கு இட்டுச்செல்லும் தகுதிகாண் சுற்றுக்களோ விரைவில் மறக்கப்படுகின்றன. ஆயினும், விளையாட்டு இளைஞருக்குக் கற்பிக்கும் பாடங்களுட் பல அச்சுற்றுக்களிலேயே அடங்கியுள்ளன என்பது எமது கருத்து. இதனை விளக்குதற்கு, 2011ஆம் ஆண்டில் டென்மார்க்கில் நடைபெற்ற ஐரோப்பிய இளைஞர் உதைபந்தாட்டப் போட்டியின் ஐந்தாந் தகுதிகாண் குழுவை எடுத்துக்கொள்வோம்.

முதலிற் போட்டியின் அமைப்பை நோக்குவோம். இஃது இருபத்தொரு வயதுக்குட்பட்டோர்க்கு உரியது. எனினும், அவ்வயதெல்லை தகுதிகாண் சுற்றுத் தொடங்கும் காலத்தைக் கொண்டே கணிக்கப்படும். 1988 ஜனவரி முதலாந் திகதியிலோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் இப்போட்டியில் ஆடலாம் என்பது விதி. ஆதலால், இறுதிச் சுற்று நடைபெற்ற காலத்தில் இருபத்துமூன்று வயதினரும் களத்தில் நின்றனர். போட்டியை நடத்திய டென்மார்க் நேரே இடம்பெற, ஏனைய 52 நாடுகளும் பத்துக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவிலுள்ள ஒவ்வோர் அணியும் மற்றை அணிகள் ஒவ்வொன்றையும் தன் மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் சந்திக்கும். வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. குழுக்களில் முதலிடம் பெற்ற பத்து அணிகளும், இரண்டாமிடம் பெற்றவற்றுட் சிறந்த நான்கும் இவ்விரண்டாக மோத, வென்ற ஏழும் டென்மார்க்குடன் சேர்ந்து இறுதிச் சுற்றில் ஆடும்.

ஐந்தாங் குழுவில் ஜேர்மனி, செக் குடியரசு, வட அயர்லாந்து, ஐஸ்லாந்து, சான் மரீனோ என்னும் ஐந்து நாடுகள் இருந்தன. ஜேர்மனியின் சனத்தொகை ஏறத்தாழ எட்டுக் கோடி; ஐஸ்லாந்தின் சனத்தொகையோ மூன்றேகால் இலட்சத்துக்கும் குறைவு. மேலும், 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தை 4–0 என வென்று இளைஞர் கிண்ணத்தைக் கைப்பற்றியிருந்த அணி ஜேர்மனியே. இக்குழுவின் முடிவை முன்கூட்டியே எழுதிவிடலாம் எனப் பலர் எண்ணியிருப்பின், அதிற் குற்றமில்லை.

ஆனால் நிகழ்ந்தது வேறு. செக் குடியரசு ஓர் ஆட்டத்திலும் தோற்காது 22 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஐஸ்லாந்து 16 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றது. ஜேர்மனி 12 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தில் நின்று, தன் கிண்ணத்தைக் காக்கும் வாய்ப்பையே இழந்தது. ஐஸ்லாந்து இளைஞர் செக் அணியிடம் இருமுறையும் தோற்றனர். ஜேர்மன் மண்ணில் 2–2 எனச் சமநிலை கண்டனர். வட அயர்லாந்தையும் சான் மரீனோவையும் இருமுறையும் வென்றனர். 2010 ஓகஸ்ற் 11ஆந் திகதி தம் நாட்டில் ஜேர்மனியை 4–1 என வீழ்த்தினர். அந்த ஓர் ஆட்டத்தின் முடிவு மாறியிருந்தால், ஜேர்மனிக்கு 15 புள்ளிகளும் ஐஸ்லாந்துக்கு 13 புள்ளிகளும் கிடைத்திருக்கும், இடங்களும் மாறியிருக்கும்.

ஜேர்மனியின் வீழ்ச்சிக்குக் காரணம் ஆற்றற் குறைவு என்று கூறிவிட முடியாது. ஓசில், போட்டெங், முல்லர், குரூஸ், பாட்ஸ்ருபர் ஆகிய ஐவரும் வயதால் இவ்விளைஞர் அணிக்கு உரியவர்களே. ஆனால் அவர்கள் 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் முதியோர் அணிக்கு ஆடி, அதனை மூன்றாமிடத்துக்கு உயர்த்தினர். மூத்தோர் சபைக்கு முன்னரே அழைக்கப்பட்டவர்களின் இடத்தை நிரப்புவது எளிதன்று. அன்றியும், எட்டு ஆட்டங்களுள் மூன்றை ஜேர்மனி சமநிலையில் முடித்தது. அவற்றுள் ஒன்று வட அயர்லாந்துடன் ஆடியது. பெரிய எதிரியிடம் தோற்ற புள்ளியும் சிறிய எதிரியிடம் நழுவவிட்ட புள்ளியும் அட்டவணையில் ஒரே பெறுமதி உடையன. குழுநிலைப் போட்டியின் தத்துவம் இதுவே.

இரண்டாமிடத்தாருட் சிறந்த நால்வரில் ஒருவராகத் தேறிய ஐஸ்லாந்து, 2010 ஒக்டோபரில் ஸ்கொத்லாந்தை எதிர்த்தது. தன் நாட்டில் 2–1 எனவும், எடின்பரோவில் 2–1 எனவும் வென்றது. எடின்பரோவில் இரு கோல்களையும் போட்டவர் கில்வி சிகுர்ட்சன். இவ்வாறு அச்சிறு தீவு முதன்முறையாக இப்போட்டியின் இறுதிச் சுற்றை அடைந்தது.

இறுதிச் சுற்றின் கணக்கு இன்னும் நுட்பமானது. சுவிற்சர்லாந்து, பெலாரஸ், டென்மார்க் என்பன ஐஸ்லாந்தின் குழுவிலிருந்தன. சுவிற்சர்லாந்து மூன்று ஆட்டங்களிலும் வென்றது. ஏனைய மூன்றும் ஒவ்வோர் ஆட்டத்தில் வென்று 3 புள்ளிகள் பெற்றன. மூன்றும் போட்ட கோல்கள் 3; மூன்றும் வாங்கிய கோல்கள் 5. இத்தகைய வேளையில், சமமாக நிற்கும் அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மாத்திரம் எடுத்துத் தனிக் கணக்குப் பார்ப்பர். பெலாரஸ் ஐஸ்லாந்தை 2–0 எனவும், டென்மார்க் பெலாரஸை 2–1 எனவும், ஐஸ்லாந்து டென்மார்க்கை 3–1 எனவும் வென்றிருந்தன. அக்கணக்கின்படி பெலாரஸ் போட்டவை 3, வாங்கியவை 2. ஐஸ்லாந்து போட்டவை 3, வாங்கியவை 3. டென்மார்க் போட்டவை 3, வாங்கியவை 4. பெலாரஸ் அரையிறுதிக்குச் சென்றது. டென்மார்க்குக்கு எதிராக இன்னும் ஒரேயொரு கோல் போட்டிருப்பின், ஐஸ்லாந்தும் பெலாரஸும் கோல் வித்தியாசத்திற் சமமாகி, கூடிய கோல்கள் போட்டமையால் ஐஸ்லாந்தே சென்றிருக்கும். ஒரு கோலின் பெறுமதியை இதனினும் தெளிவாக எடுத்துக்காட்டல் அரிது.

ஆயின், அவ்விளைஞரின் முயற்சி வீணாயிற்றா? இல்லை. டென்மார்க்கில் ஆடிய அதே இளைஞர் பலர் ஐந்தாண்டுகளின் பின் முதியோர் அணியின் தூண்களாயினர். 2016ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் போர்த்துக்கலுக்கு எதிராகத் தம் நாட்டின் முதற் கோலைப் போட்ட பிர்கிர் பியார்னசனும், நீஸ் நகரில் இங்கிலாந்தை 2–1 என வீழ்த்திய கோலைப் போட்ட கொல்பைன் சிக்தோர்சனும் அவர்களுட் சிலர். அவ்வணிக்குத் தலைமை தாங்கிய ஆரொன் குன்னார்சனும் அவர்களுள் ஒருவரே. 2018ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து உலகக் கிண்ண இறுதிச் சுற்றை அடைந்தது. அதுவரை அச்சுற்றை அடைந்த நாடுகளுள் சனத்தொகையில் மிகச் சிறியது அதுவே. அங்கு ஆர்ஜென்ரீனாவுடன் 1–1 எனச் சமநிலை கண்ட ஆட்டத்திற் கோல் போட்ட அல்பிரெட் பின்பொகசனும் 2011ஆம் ஆண்டு இளைஞர் அணியினரே.

இவ்வெற்றி தற்செயலானதன்று. பனியும் காற்றும் நிறைந்த அந்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் வெளியில் ஆட இயலாது. ஆதலால் 2000ஆம் ஆண்டு முதலாக, முழு அளவிலான மைதானங்களைக் கூரையின்கீழ் அமைத்தனர். சிறுவருக்கும் முறையான பயிற்சி பெற்ற பயிற்றுநரையே நியமித்தனர். அம்மண்டபங்களில் வளர்ந்த சிறுவர்களே ஐந்தாங் குழுவில் ஜேர்மனியை வென்றவர்கள்.

கல்லூரி அணிகளில் ஆடும் எமது மாணவர்கள் இதிலிருந்து உணர வேண்டுவது ஒன்றுண்டு. சிறிய அணி என்று எவரையும் இகழ்தலும், சிறிய அணியினர் நாம் என்று தம்மைத் தாமே தாழ்த்தலும் ஒருங்கே தவறானவை. பார்ப்போர் இல்லாத மைதானத்தில், மெலிந்த எதிரணிக்கு எதிராக, ஆட்டம் முடியும் வேளையிற் போடும் கோலும் கணக்கிற் சேரும். கிண்ணம் கைக்கு எட்டாவிடினும், கூடி ஆடிப் பழகிய பழக்கம் பின்னாளிற் பயன் தரும். கிண்ணங்களை அலுமாரியில் வைக்கலாம். அப்பழக்கத்தை வாழ்க்கையில் வைத்துக்கொள்ளலாம்.