டிக்கட் வெட்டிய பிறகு...

நோயாளியைப் பார்க்கப் போவது நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய காரியமல்ல. ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக நோய் விசாரிப்பதை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருப்பது மதரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஆரம்பித்ததும் நம்மவர் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நிறைந்துவிடுகிறது. அப்பிள், ஓரேஞ், நெஸ்டமோல்ட் டின் என்று மேசையில் இடமிருக்காது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமும் முற்றத்தில் செருப்புகள் குறைவதில்லை.

இரண்டாம் மாதம் யார் வருகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் இருக்கிறது. சில நோய்களில் ஆஸ்பத்திரியில் நடப்பது பாதி வேலைகூட அல்ல. மீதி வேலை வீட்டில், மாதக்கணக்கில் நடக்க வேண்டும். பாரிசவாதம் அப்படியொரு நோய். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. உயிர் தப்பியவரை டொக்டர்கள் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இழந்த பலம் திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில்தான் நடக்கிறது. அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. அந்த அருமையான மூன்று மாதங்களும் நம் வீடுகளில் எப்படிக் கழிகின்றன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் நெளுக்குளத்தைத் தாண்டிப் போனால் பூவரசங்குளம் வரும். குளத்தையும் வயலையும் நம்பிய ஊர். தமிழ்க் குடும்பங்கள் வாழும் இந்தப் பகுதியில் அதே வீதியை அண்டிச் சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் கிராமங்களும் இருக்கின்றன. யுத்தம் இரு சாராரையும் வீடு வாசலை விட்டு ஓட வைத்தது. திரும்பி வந்து காடு வெட்டிக் கிணறு இறைத்துக் குடியேறியவர்கள் இவர்கள். இங்கே ஒரு வீட்டில் அறுபது வயது வாப்பா பாரிசவாதத்தில் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மகன் கட்டாரில். மகள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வீட்டில் இருப்பது உம்மா மட்டும். அவருக்கும் முழங்கால் வலி. மலசலகூடம் முற்றத்தின் கோடியில், குந்தியிருக்கும் வகை. கிளினிக் வவுனியா வைத்தியசாலையில். பஸ்ஸில் ஏற்ற முடியாத ஆளை ஓட்டோ பிடித்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

உம்மா என்ன செய்வார்? தெரிந்ததைச் செய்வார். வாப்பாவைப் படுக்கையில் கிடத்தி, தலையைக் கொஞ்சம் தூக்கிக் கஞ்சி பருக்குவார். எழுப்ப வேண்டுமென்றால் விழுந்த கையைப் பிடித்து இழுப்பார். அன்பில் செய்யும் இந்த இரண்டு காரியங்களும் ஆபத்தானவை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாரிசவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகளும் தளர்ந்திருக்கலாம். படுத்தபடி கொடுக்கும் கஞ்சி இரைப்பைக்குப் போவதற்குப் பதில் மூச்சுக் குழாய்க்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். சாப்பிடும்போது இருமல் வந்தாலோ, குரல் தண்ணீர்க்குள்ளிருந்து பேசுவதுபோல் மாறினாலோ நிறுத்திவிட்டு டொக்டரிடம் சொல்ல வேண்டும். சில நோயாளிகளுக்குத் தண்ணீரைவிடக் கூழ் பதமான உணவு பத்திரமானது. யாருக்கு எது என்பதை டிக்கட் வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கை விஷயமும் அப்படித்தான். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருப்பவை தசைகள். அவை தளர்ந்திருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும். பிறகு மாதக்கணக்கில் தோள் வலி. வலிக்குப் பயந்தே நோயாளி பயிற்சியைக் கைவிடுவார். எழுப்பும்போது முதுகுப் பக்கம், இடுப்புப் பக்கம் கைகொடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது விழுந்த கை தொங்காமல் ஒரு தலையணை மேல் இருக்கட்டும்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும். இடுப்பின் பின்புறத்திலும் குதிக்காலிலும் மாறாத சிவப்புத் தழும்பு தெரிந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். பகலில் இது பெரிய காரியமல்ல. இரவில்? இரண்டு மணிக்கொரு தடவை எழும்புகிற உம்மா எத்தனை இரவுக்குத் தாங்குவார்? கட்டிலில் கிடப்பவருக்குக் கிளினிக் கொப்பி இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் கிடப்பவருக்கு எந்தக் கொப்பியும் இல்லை.

மலசலகூடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையொன்றின் நடுவில் வட்டமாக வெட்டியெடுத்துக் குழிக்கு மேல் வைத்தால் குந்தத் தேவையில்லை. சுவரில் பிடித்தெழும்ப ஒரு குழாயையோ கம்பையோ உறுதியாகப் பொருத்தினால் போதும். கதிரை வழுக்காமல் இருக்கிறதா என்று முதலில் சுகமான ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஊர் மேசன் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூளையின் இடப்புறம் பாதிக்கப்பட்ட பலருக்குச் சொற்கள் வருவதில்லை. தண்ணீர் வேண்டும் என்று மனசுக்குத் தெரியும், 'தண்ணீர்' என்ற சொல்தான் அகப்படாது. இப்படிப்பட்ட ஒருவர் சின்ன வயதில் மனனம் செய்த சூராவைத் தடங்கலின்றி ஓதுவதையும், ஒன்று முதல் பத்துவரை எண்ணுவதையும் சில வீடுகளில் காணலாம். பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். "ஓதுறாரே, அப்போ பேசவும் ஏலும்தானே, வேணும்டே பேசாம இருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. உண்மை அதுவல்ல. பழகிப் பதிந்துபோன சொற்றொடர்கள் வருவதும், நினைத்ததைச் சொல்லப் புதிதாகச் சொல் தேடுவதும் மூளையில் ஒரே வழியாக நடப்பவையல்ல. ஒன்று அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கலாம். ஆகவே அவர் ஓதும்போது கூடவே ஓதுங்கள். மற்ற நேரங்களில் ஒரு சமயத்தில் ஒரே கேள்வி மட்டும் கேளுங்கள், "ஆம், இல்லை" என்று தலையாட்டிப் பதில் சொல்லக்கூடியதாக. பதிலுக்குக் காத்திருங்கள். அவரை வைத்துக்கொண்டே "பாவம், புத்தி போயிட்டுது" என்று மற்றவரிடம் சொல்லாதீர்கள். அநேகமாக அவருக்கு அது விளங்கும்.

இவ்வளவையும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா? இந்தியாவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 14 வைத்தியசாலைகளில் 1,250 பாரிசவாத நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரின் குடும்பத்தவருக்கு வீட்டுப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். 2017இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது, வழக்கமான முறையில் வீடு போனவர்களைவிட இவர்கள் மேலாக இருக்கவில்லை. வீட்டார் கவனிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். சில நாட்கள் பாடம் சொல்லி முழுப் பாரத்தையும் ஒரு வீட்டின் தலையில் இறக்கிவிட்டால் போதாது என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். மாறாக, பயிற்சி பெற்ற ஒரு குழு வீடுதேடி வந்து தொடர்ந்து கவனிக்கிற நாடுகளில், சீக்கிரம் வீடு திரும்பியவர்கள் மற்றவர் தயவில் வாழும் நிலை குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வந்து போகும் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களுக்கு நாம் எங்கே போவது? நமது குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருகிறவர்தான். ஆனால் தாய்மாரும் குழந்தைகளும்தான் அவருடைய பிரதான பொறுப்பு. மாங்குளம் வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு புனர்வாழ்வு மருத்துவத்துக்கென ஒரு பிரிவு அமைக்கப்பட்டது வன்னிக்குக் கிடைத்த பெரிய காரியம். அங்கே அனுப்ப முடியுமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். ஆனாலும் பூவரசங்குளத்து முற்றத்துக்கு மாங்குளம் நடந்து வராது.

கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் எம்.ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் அநேகர் புற்றுநோயாளர். போகப் போக ஒன்று புரிந்தது: நோய் முற்றியவரால் கோழிக்கோட்டுக்கு வர முடியவில்லை, வந்து மருந்து வாங்கிப் போனாலும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டையொட்டி, பக்கத்து மலப்புறம் மாவட்டத்திலும் சுற்றுப்புறங்களிலும் அயலவர்களையே திரட்டினார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் மலப்புறம். ஆனால் அந்தக் குழுக்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள், நோயாளிகளிலும் அப்படியே. கடைக்காரர், ஆசிரியர், மாணவர், குடும்பப் பெண்கள் சில நாள் பயிற்சி பெற்றார்கள். ஒரு தாதியோடு வாகனத்தில் வீடு வீடாகப் போனார்கள். புற்றுநோயாளரோடு நிற்கவில்லை, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர், பாரிசவாதக்காரர், படுக்கையிலான முதியவர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளி வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் செலவும் கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? பெரும்பாலும் உள்ளூர்ச் சில்லறைதான். கடைகளில் வைத்த உண்டியல்களில் சேர்ந்த காசு. 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக ஏற்றது. இப்போது உள்ளூராட்சி மன்றங்களின் ஏற்பாட்டில் தாதிமார் வீடுகளுக்குப் போகிறார்கள். ஊர் ஆரம்பித்த வேலைக்குப் பின்னால் அரசாங்கம் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் அரிது. மையித்து விழுந்த வீட்டில் கூடாரமும் கதிரையும் சாப்பாடும் யாரும் கேட்காமலே வந்து சேர்கின்றன. கோயில் பக்கத்து ஊரிலும் அப்படித்தான். இவ்வளவு ஒழுங்காக மௌத்துக்கு ஓடுகிற நாம், உயிரோடு எழும்பப் பார்க்கிறவருக்கு அதே கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா? பள்ளிவாசல் நிருவாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஆகிற காரியம். பாரிசவாதம் ஆள் பார்த்து வருவதில்லை. உதவியும் வீட்டுக்காரரின் பெயர் பார்த்துப் போகக் கூடாது.

வேலை என்னவென்று கேட்டால், சிறியவைதான். கிளினிக் நாளில் ஓட்டோவும் கூடப் போக ஓர் ஆளும். காலையில் தூக்கி உட்கார வைக்கப் பலமுள்ள ஒரு வாலிபர். ஆளைத் தூக்கும் முறையை வைத்தியசாலையில் இயன்மருத்துவரிடம் ஒரு தடவை நேரில் பார்த்துப் படித்திருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவு உம்மாவைத் தூங்க விட்டுவிட்டுப் புரட்டிவிட ஓர் உறவுக்காரப் பெண்ணோ ஆணோ. ஒரு நேரச் சோறு, உப்புக் குறைத்து. கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். விதைப்புக் காலமென்றால் வயலைப் பார்த்துக்கொள்ள ஒருவர். வாப்பாவின் வயல் தரிசாய்க் கிடக்கிறது என்ற கவலை அவரைக் கட்டிலோடு கட்டிப்போடும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வும் பிடிக்கிறது. அழுகை, சாப்பிட மறுத்தல், பயிற்சி செய்ய மறுத்தல் எல்லாம் அதன் அடையாளமாக இருக்கலாம். இதை ஈமான் குறைவு என்று பேசுகிறவர்களை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதற்கும் மருந்து இருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியிடம் அதிக நேரம் உட்காராதிருப்பது நம் முன்னோர் காத்த ஒழுக்கம். பயிற்சி நேரத்திலும் உறக்க நேரத்திலும் போகாதீர்கள். "எங்க மாமாவுக்கும் இப்பிடித்தான், மூணு மாசத்தில மௌத்தாயிட்டார்" போன்ற கதைகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். புறா இரத்தம் பூசச் சொல்லாதீர்கள். எண்ணெய் தடவி மெதுவாகப் பிடித்துவிடுவதில் தவறில்லை. ஆனால் நாட்டு மருந்தை ஆரம்பித்ததால் பிரஷர் குளிசையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. பாரிசவாதங்களில் நான்கில் ஒன்று ஏற்கெனவே ஒரு தடவை வந்தவருக்கே மறுபடி வருவது. வாப்பா நன்றாக நடக்கிறார் என்று குளிசை நிறுத்தப்படுகிற வீடுகளில் அது காத்திருக்கிறது.

தொழுகையைப் பற்றி நோயாளிகள் மிகவும் வருந்துவார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை மௌலவி ஒருவர் வீட்டுக்கு வந்து எடுத்துச் சொன்னால், அது அவர் மனசை எவ்வளவு லேசாக்கும்! நோன்பு காலத்தில் குளிசை நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ளாமல் டொக்டரிடம் கேட்கவும் அவரே சொல்லட்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையைத் தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், சுருக்கிட்டுப் படுக்க வைத்து எழும்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து சுமார் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன்; அதற்கு முன் மூளையை ஸ்கேன் செய்தும் பார்க்க வேண்டும். 'சுவசெரிய' இலவச அம்பியூலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. அழைக்க வேண்டிய எண் 1990. வடபுல முஸ்லிம்களுக்கு அந்த எண் ஊரை விட்டு வெளியேற்றப்பட்ட ஆண்டாகத்தான் நினைவிலிருக்கிறது. ஆகவே மறந்துபோகப் பயமில்லை. எழுதிக் கதவில் ஒட்டுங்கள். அதன் கீழே அடுத்த கிளினிக் திகதியையும், அன்றைக்குக் கூடப் போகிறவர் பெயரையும் எழுதி வையுங்கள்.