மாடியில் சோலார், மேஜையில் கம்ப்யூட்டர்

"மேலே வெயில் கொளுத்துது, கரண்ட் எங்கேடா போச்சு?" அப்பா போனில் கேட்ட கேள்வி இது. நான் வளர்ந்தது அணுபுரம் குடியிருப்பில். அப்பா ஓய்வு பெற்றபின் புதுப்பட்டினம் பக்கம் வீடு கட்டி, மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார். ஒரு நாள் மதியம் கரண்ட் போனது. அவர் டைப் செய்துகொண்டிருந்த கடிதத்தோடு கம்ப்யூட்டரும் அணைந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஏமாறும் இடம் இதுதான். மின்வாரிய லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் இல்லாவிட்டால் தானும் நின்றுவிடும். இது கோளாறு அல்ல. நம் பேனலில் இருந்து கரண்ட் லைனுக்குப் போனால், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்குமே! கரண்ட் போனாலும் ஓட வேண்டுமானால் பேட்டரியுடன் கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் தேவை. கம்ப்யூட்டருக்கு மட்டும் என்றால் சாதாரண யுபிஎஸ் போதும். ஃபைலை சேவ் செய்து ஷட் டவுன் செய்ய நேரம் கிடைக்கும்.

சரி, லாபம் உண்டா? 1 கிலோவாட் பேனல் நம் பகுதியில் நாளுக்கு சுமார் 4 யூனிட் தரும். டெஸ்க்டாப் ஐந்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்தான். ஆகவே கம்ப்யூட்டருக்காக சோலார் போடாதீர்கள், ஏசிக்காகப் போடுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும். அந்த வீடுகளுக்குத்தான் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், அப்பாவுக்கும் கிடைத்தது.

நாட்டுக் கணக்கு வேறு. 2010இல் தொடங்கிய தேசிய சோலார் திட்டத்தின் இலக்கு 20 ஜிகாவாட். 2015இல் அதை 100 ஆக்கினார்கள். 2022க்குள் முடியவில்லை, 2025 ஜனவரியில் எட்டினோம். முந்திக்கொண்டவர்களுக்கு விலை அதிகம். 2016இல் இயங்கத் தொடங்கிய கமுதி நிலையத்தின் மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என 25 ஆண்டு ஒப்பந்தம். 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் ஏலம் 2.44 ரூபாய்க்கு இறங்கியது! கம்ப்யூட்டர் விலை இறங்குவது போலத்தான்.

கமுதியின் திறன் 648 மெகாவாட், பரப்பு சுமார் 2,500 ஏக்கர். ஆனால் இரவு, மேகம் எல்லாம் சேர்த்து ஆண்டு சராசரி பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கல்பாக்கத்தில் ஒரு 220 மெகாவாட் உலை முழுத் திறனில் இரவு பகலாக ஓடினால் அதைவிட அதிகம் தரும். மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கு, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடும்போது சோலார் தூங்கிவிடும். அந்நேரத் தேவையின் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில்தான்.

இருந்தாலும் நம் லைனில் வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அப்பாவின் பேனல் ஆண்டுக்குச் சுமார் 3 டன்னைத் தவிர்க்கிறது. மறுபக்கம், 2022 மின்கழிவு விதிகளில் உங்கள் பழைய மானிட்டரோடு சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்கு கால்வனைஸ் செய்த இரும்போ அலுமினியமோ கேளுங்கள். பேனலை வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அப்பா இப்போது காலை ஆறு மணிக்கே மாடியில் நிற்கிறார். மேஜைக்கு அடியில் ஒரு யுபிஎஸ்ஸும் வந்துவிட்டது.