வேலி அறியாத ஈ

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், 1930-களில் ஒரு கோடைகாலக் காலைப்பொழுதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விடிந்தும் விடியாத நேரம். மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறார். கையில் சுருக்குக் கயிறு. சேணத்தில் தொங்கும் பையில் மருந்துப் புட்டிகள். அவருடைய மகனும் இன்னொரு குதிரையில் ஏறிக்கொள்கிறான். இருவரும் புல்வெளிக்குப் புறப்படுகிறார்கள்.

மாடு மேய்க்கவா? இல்லை. அங்கே மாடுகளை யாரும் மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வதில்லை. முள்கம்பி வேலிக்குள் பல சதுர மைல் பரந்து கிடக்கும் புல்வெளியில் அவை இரவும் பகலும் தாமே மேய்ந்து திரியும். இத்தகைய பண்ணையை அந்நாட்டார் 'ரான்ச்' என்பார்கள். தந்தையும் மகனும் தேடிப் போவது காயம்பட்ட மாடுகளை!

சிறு காயம் எந்த மாட்டுக்கும் ஏற்படக்கூடியதுதானே, அதற்காக இவ்வளவு கவலையா என்று கேட்பீர்கள். காரணம் ஓர் ஈ.

உயிருள்ள தசையைத் தின்னும் புழு

அதன் பெயர் திருகுப்புழு ஈ. வீட்டு ஈயைப்போல் சுமார் இரு மடங்கு பெரியது. நீலப்பச்சை நிறத்தில் பளபளக்கும். முதுகில் மூன்று கருங்கோடுகள் உண்டு. பெண் ஈ, விலங்கின் காயத்தின் ஓரத்தில் 200 முதல் 300 முட்டைகள் வரை இடும். ஒரு நாளுக்குள் அவை பொரித்துவிடும். வெளிவரும் புழுக்கள், பலகையில் திருகாணி இறங்குவதுபோலத் தசைக்குள் துளைத்து இறங்கும்.

சாதாரண ஈக்களின் புழுக்கள் பெரும்பாலும் அழுகிய தசையைத்தான் தின்னும். திருகுப்புழுவோ உயிருள்ள தசையையே தின்கிறது. புண்ணின் வாடை மேலும் பல ஈக்களை இழுக்கும். புண் பெருகும். கவனிக்காமல் விட்டால் வளர்ந்த மாடுகூட ஒன்றிரண்டு வாரங்களில் இறந்துவிடும். மனிதரையும் இது விடுவதில்லை. இதன் அறிவியல் பெயரான 'காக்லியோமையா ஹாமினிவோராக்ஸ்' என்பதில் உள்ள இரண்டாம் சொல்லுக்கு 'மனிதரைத் தின்பது' என்றே பொருள்!

நம் நாட்டிலும் மாட்டுப் புண்ணில் புழு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான ஈக்களில் ஒன்று இந்த ஈயின் தூரத்து உறவு.

ஐந்து முதல் ஏழு நாட்கள் தின்று கொழுத்த புழு, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. வெப்பமான பருவத்தில் சுமார் ஒரு வாரத்தில் ஈயாக வெளிவருகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்த தலைமுறை தொடங்கிவிடும்.

ஒரு குடும்பத்தின் பாடு

பண்ணைக்காரரின் ஆண்டு முழுவதையும் இந்த ஈயே ஆட்டிப் படைத்தது. கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுவது, கொம்பு நீக்குவது, காயடிப்பது எல்லாம் ஈ குறைந்த குளிர்காலத்தில்தான். மாடுகள் கன்று ஈனுவதையும் இயன்றவரை அப்பருவத்தில் வருமாறு திட்டமிட்டார்கள். ஏனெனில், பிறந்த கன்றின் ஈரத் தொப்புளே ஈக்கு வாசல். முள்கம்பிக் கீறல் போதும். உண்ணி கடித்த இடமும் போதும்.

கோடையில் ஓய்வே கிடையாது. நாள்தோறும் மாடுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். புழு வைத்த கன்றைக் கயிறு வீசிப் பிடித்து, கீழே சாய்த்து, புழுவைக் கொல்ல பென்சாலும், ஈ அண்டாமலிருக்க பைன் மரத் தாரெண்ணெயும் தடவ வேண்டும். குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் இத்தனை பாடுபட்டும் ஒரு சிக்கல் இருந்தது. தம் மாடுகளை ஒருவர் கண்ணும் கருத்துமாகக் காத்தாலும், பக்கத்துப் பண்ணையில் ஒரு மான் புழு வைத்துச் செத்துக் கிடந்தால் போதும். அதிலிருந்து கிளம்பும் ஈ பல மைல் பறந்துவரும். முள்கம்பி வேலி மாட்டைத் தடுக்கும், ஈயைத் தடுக்குமா?

பண்ணையில் வளர்ந்த ஒரு சிறுவன்

டெக்சாஸில் போர்ட் லவாகா என்னும் ஊரில் 1909-இல் பிறந்தவர் எட்வர்டு நிப்ளிங். தந்தையின் பண்ணையில் புழு வைத்த கால்நடைகளுக்கு மருந்திடுவது சிறுவயதில் அவருக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று. பின்னர் அவர் பூச்சியியல் அறிஞரானார். 1930-களின் பிற்பகுதியில் டெக்சாஸின் மெனார்டு ஆய்வுக்கூடத்தில், ரேமண்டு புஷ்லண்டு என்ற அறிஞருடன் பணியாற்றினார். புஷ்லண்டு, அரைத்த இறைச்சியிலும் இரத்தத்திலும் இப்புழுவை வளர்க்கும் முறையைக் கண்டறிந்தவர்.

நிப்ளிங் ஒன்றைக் கவனித்தார். பெண் ஈ வாழ்நாளில் பொதுவாக ஒரே முறைதான் இணை சேர்கிறது. அந்த இணை மலட்டு ஆணாக இருந்துவிட்டால்? அது இடும் முட்டைகள் ஒருபோதும் பொரிக்கா!

ஆணை எப்படி மலடாக்குவது? எக்ஸ் கதிர் பட்டால் பழ ஈக்களின் மரபுப் பண்புகள் மாறும் என்பதை ஹெர்மன் முல்லர் 1927-இல் வெளியிட்டிருந்தார். அந்த வழியில் சென்ற புஷ்லண்டு, 1950-களின் தொடக்கத்தில் கூட்டுப்புழுக்களின்மீது கதிர்களைச் செலுத்திப் பார்த்தார். வெளிவந்த ஈக்கள் நன்றாகப் பறந்தன; இணை சேர்ந்தன; ஆனால் சந்ததி உண்டாகவில்லை. பிற்பாடு கோபால்ட்-60 தனிமத்தின் காமாக் கதிர்கள் இப்பணிக்குப் பயன்பட்டன.

ஒரு சிறு கணக்கு

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 10 லட்சம் ஆண், 10 லட்சம் பெண் ஈக்கள் உள்ளன. ஈக்களின் தொகை தலைமுறைக்குத் தலைமுறை கூடாமலும் குறையாமலும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் 20 லட்சம் மலட்டு ஆண்களை விடுகிறோம். மூன்று ஆண்களில் ஒன்றே நல்லது. எனவே, அடுத்த தலைமுறையில் 3,33,333 பெண் ஈக்களே இருக்கும். மறுபடியும் 20 லட்சம் விட்டால், இப்போது ஏழில் ஒன்றே நல்ல ஆண், மிஞ்சுவது 47,619. அதற்கடுத்து 1,107. அதற்கும் அடுத்து ஒன்றுகூடத் தேறாது!

பூச்சிமருந்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஈக்கள் குறையக் குறைய, மருந்தடித்துத் தேடிக் கொல்வது கடினமாகும். இம்முறையோ மேலும் வலுப்பெறும்.

1954-இல் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவில் இதைச் செய்து பார்த்தார்கள். சில மாதங்களில் ஈ அடியோடு ஒழிந்தது. 1958-59-இல் ஃபுளோரிடாவிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் வெற்றி கிட்டியது.

ஊர் கூடி இழுத்த தேர்

ஃபுளோரிடாவில் நடந்ததைக் கேட்ட டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அரசு முழுச் செலவையும் ஏற்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. தாமே கூடி ஓர் அமைப்பை நிறுவி, சுமார் 30 லட்சம் டாலர் நன்கொடை திரட்டினார்கள். 1962-இல் மிஷன் என்னும் ஊருக்கு அருகே, பழைய விமானத் தளம் ஒன்றில் ஈ உற்பத்திச்சாலை எழுந்தது. மலட்டு ஈக்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு விமானங்களிலிருந்து தூவப்பட்டன.

பணம் கொடுத்ததோடு பண்ணைக்காரரின் பங்கு முடியவில்லை. புண்ணில் புழுவைக் கண்டால், சிலவற்றை எடுத்துச் சிறு குப்பியிலிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். எங்கே ஈ எஞ்சியிருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. ஒருவர் அலட்சியமாக இருந்தாலும் வட்டாரமே பாதிக்கப்படும். 1966-இல் அமெரிக்கா திருகுப்புழுவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1972-இல் அந்நாட்டில் 95,000-க்கும் மேற்பட்ட மாடுகளிலும் பிற விலங்குகளிலும் திருகுப்புழு காணப்பட்டது. எல்லைக்கு அப்பால் ஈ இருக்கும்வரை அமைதி இல்லை என்பது புரிந்தது. மெக்சிகோவும் அமெரிக்காவும் கைகோத்தன. 1991-இல் மெக்சிகோ விடுபட்டது. அதன்பின் பணி மத்திய அமெரிக்க நாடுகள் வழியாகப் பனாமாவரை சென்றது. நிப்ளிங்குக்கும் புஷ்லண்டுக்கும் 1992-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

பனாமாவின் குறுகிய நிலப்பகுதியில் மலட்டு ஈக்களைத் தொடர்ந்து தூவி ஒரு தடுப்பு ஏற்படுத்தியிருந்தார்கள். 2023-இல் பனாமாவில் ஈக்கள் மீண்டும் பெருகின. 2024 நவம்பரில் தென் மெக்சிகோவில் திருகுப்புழு மறுபடியும் காணப்பட்டது. தாத்தாக்கள் சொன்ன கதையாக மட்டுமே இப்புழுவை அறிந்திருந்த டெக்சாஸ் குடும்பங்கள், கன்றுகளின் தொப்புளை மீண்டும் கவலையோடு பார்க்கலாயின.

மாணவர்களே, தம் மாட்டைக் காப்பது பண்ணைக்காரரின் குடும்பக் கடமை. அதை நிறைவேற்ற, பக்கத்துப் பண்ணை மாட்டையும் காத்தாக வேண்டியிருந்தது. பிறகு பக்கத்து நாட்டு மாட்டையும். ஈ வேலியை அறியாது. அதை வென்றவர்களும் வேலிக்குள் நின்றுவிடவில்லை.