கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு டேஷ் கேம்

காரின் பின் கண்ணாடியில் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டி, அதற்கு உள்பக்கமாக டேஷ் கேமின் பின் கேமராவை மாட்டினால் பகலில் படம் நன்றாகவே வரும். இரவில் பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் மட்டும் வெள்ளையாகப் பூத்துத் தெரியும், எண் தெரியாது. கேமரா மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கேமரா மீது தவறில்லை; அதற்குப் போய்ச் சேர வேண்டிய வெளிச்சம் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படையில், இந்த அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டத் தடையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கூறியதும் ஃபிலிம் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. அந்தப் பேச்சில் பலரும் கவனிக்காமல் விட்டது ஒரு பெருக்கல் கணக்கு. சட்டம் சொல்வது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த அளவை. 75 சதவீத ஒளியை விடும் கண்ணாடியில் 50 சதவீத ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 37.5 சதவீதம். அதே கண்ணாடி பின்பக்கத்தில் இருந்தால், 93 சதவீதத்துக்குக் குறைவாக ஒளிவிடும் எந்த ஃபிலிமும் விதிமீறல்தான். அத்தனை தெளிவான ஃபிலிமைக் கறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாலையில் காணும் கரிய கண்ணாடிகளில் 20 சதவீத ஃபிலிம் சாதாரணம். கண்ணாடியோடு சேர்த்தால் 15 சதவீத ஒளிதான் உள்ளே வரும்.

பகலில் இந்த இழப்பு தெரிவதில்லை. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி சுமார் 1 லட்சம் லக்ஸ். அதில் 15 சதவீதம் வந்தாலும் கேமராவுக்குத் தாராளம். இரவில் தெருவிளக்கின் அடியில் கிடைப்பதே 10, 20 லக்ஸ். அங்கே 15 சதவீதம் என்றால் பஞ்சம்.

இந்தப் பஞ்சத்தைக் கேமரா சமாளிக்கும் விதம் ரசிக்கத்தக்கது. பித்தளை ஃபில்டரில் டிகாஷன் இறங்குவதைப் போல அதை எண்ணிப் பார்க்கலாம். மேல் பாத்திரத்தின் துளைகள் கண்ணாடி. இறங்குகிற சொட்டுகள் ஃபோட்டான்கள். கீழ்ப் பாத்திரம் சென்சாரின் ஒரு பிக்ஸல். 20 சதவீத ஃபிலிம் ஒட்டுவது, ஐந்தில் நான்கு துளைகளை அடைப்பதற்குச் சமம். முதல் வழி, கூடுதல் நேரம் காத்திருப்பது. ஆனால் விருந்தாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். விநாடிக்கு 30 டம்ளர், அதாவது 30 படங்கள், கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு டம்ளருக்கு 1/30 விநாடிக்கு மேல் காத்திருக்க வழியில்லை. அதற்குள் இறங்கியது போதாவிட்டால் சிக்கரித் தண்ணீரைக் கலக்க வேண்டியதுதான். நிறம் வந்துவிடும், காபி வராது. கேமராவில் அந்தச் சிக்கரிக்கு ‘கெயின்’ என்று பெயர். பாத்திரத்தின் அடியில் எப்போதும் தங்கும் வண்டலையும் மறக்கக் கூடாது. டிகாஷன் நிறைய இருந்தால் வண்டல் நாக்கில் படாது. இரண்டு சொட்டுத்தான் என்றால் பாதி வண்டலே. சென்சாரின் மின்சுற்று தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் அது.

சொட்டுகளும் சீராக விழுவதில்லை. ஒரு பிக்ஸலில் சராசரியாக 900 ஃபோட்டான்கள் விழுந்தால், எண்ணிக்கை சுமார் 30 கூடும், குறையும், அதாவது வர்க்கமூலம். ஃபிலிம் வழியே 180 மட்டும் வந்தால் ஏற்ற இறக்கம் 13. அதை ஐந்து மடங்கு பெருக்கினால் பிரகாசம் பழையபடி 900 ஆகிவிடும். ஏற்ற இறக்கமோ 67 ஆகிவிடும். இரவுப் படத்தில் புழுதி பறப்பதுபோல் தெரிகிற புள்ளிகள் இவைதான்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. கார் நம்பர் பிளேட்டில் எழுத்தின் உயரம் 65 மி.மீ., கோட்டின் தடிமன் 10 மி.மீ., எழுத்துகளுக்கு இடைவெளி 10 மி.மீ. என்பது விதி. பின்னால் ஒரே வேகத்தில் தொடரும் காரைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை; அது படத்தில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இடித்துவிட்டு ஒதுங்கி ஓடுகிற கார்தான் நழுவுகிறது. அது விநாடிக்கு 2 மீட்டர் பக்கவாட்டில் விலகினால், 1/150 விநாடியில் 13 மி.மீ. நகரும்; எண்ணை எப்படியாவது கூட்டிப் படித்துவிடலாம். ஃபிலிம் காரணமாக அதே படத்துக்கு 1/30 விநாடி தேவைப்பட்டால் நகர்வு 67 மி.மீ. ஆகும். ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தின் மேல் படர்ந்துவிடும். சாட்சி மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் இது நடக்கிறது.

முன் கேமராவுக்கு இத்தனை அவதி இல்லை. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், தன் மீது விழும் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். சொந்தக் காரின் ஹெட்லைட்டே முன்னால் போகும் வண்டியின் எண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். பின் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. பிரேக் விளக்கின் சிவப்பொளி சற்றுக் கைகொடுக்கும், அவ்வளவே.

இந்தச் சென்சார்களின் வரலாறு சுருக்கமானது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி சென்சாரை உருவாக்கி, 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றைய டேஷ் கேம்களில் இருப்பது 1990-களில் நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழு வளர்த்தெடுத்த சிமாஸ் வகை.

அட்டைப்பெட்டி வாசகங்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 4கே என்றால் சுமார் 83 லட்சம் பிக்ஸல்கள். முழு எச்டியில் 21 லட்சம். சென்சாரின் பரப்பு மாறாவிட்டால் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கால் பங்கு ஒளிதான் கிடைக்கும். ‘நைட் விஷன்’ என்ற பெயரில் வரும் அகச்சிவப்பு விளக்குகள் டாக்சிக்குள் இருப்பவர்களைப் படமெடுக்க உதவும். கண்ணாடிக்கு வெளியே பார்க்க நினைத்தால் அந்த ஒளி கண்ணாடியில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வந்து படத்தை வெளுக்கடிக்கும். வயரிங்கைப் பின்பக்கம் தள்ளி, ஒளி நேராக விழும்படி செய்த சென்சார்கள் உண்மையான முன்னேற்றம். ஆனாலும் ஃபிலிம் விழுங்கிய 80 சதவீதத்தை அவற்றாலும் மீட்க முடியாது.

வெயில் தாங்காமல் ஒட்டுகிறோம் என்பது நியாயமான காரணம். ஆனால் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் தடுத்து, காணும் ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும் செராமிக் ஃபிலிம்கள் கிடைக்கின்றன. குளிர்ச்சிக்குக் கறுப்பு கட்டாயமில்லை.

ஏற்கெனவே கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால், விதிப்படி அதை எடுத்துவிடுவதே முதல் வேலை. அது முடியும்வரை, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, அதற்கு நேராக ஃபிலிமை வட்டமாக வெட்டி எடுக்கலாம். லென்ஸ் நெருக்கமாக இருப்பதால் சிறு வட்டமே போதும். கண்ணாடிப் பிரதிபலிப்பைக் குறைக்க விற்கும் போலரைசர் ஃபில்டர் பாதிக்கு மேல் ஒளியைத் தின்னும் என்பதால், பின் கேமராவில் அது வேண்டவே வேண்டாம். எல்லாவற்றிலும் சிறந்தது, தண்ணீர் புகாத கேமராவாக வாங்கி, நம்பர் பிளேட்டுக்கு மேலே காருக்கு வெளியில் மாட்டுவது. உள்ளே வைக்கும் விலை உயர்ந்த 4கே கேமராவைவிட, வெளியே மாட்டும் சாதாரண எச்டி கேமரா இரவில் அதிகம் பயன்படும்.