ஆய்வுக்கும் வேண்டும் அளவுகோல்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, "ஆய்வில் நிரூபித்த மருந்தாமே, வாங்கலாமா?" என்று ஊரார் என்னிடம் கேட்கின்றனர். பதில் கூற ஓர் அளவுகோல் வேண்டாமா?

ஒரே கேள்விக்குப் பல ஆய்வுகள் வெவ்வேறு விடை தருவதுண்டு. அனைத்தையும் திரட்டி, ஒவ்வொன்றின் தரத்தையும் சோதித்து முடிவு கூறுவதே முறைசார் தொகுப்பாய்வு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகத்தை அளந்து பார்த்தபின் பொருத்துவது போன்றது இது.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பாருங்கள். 1950இல் பிரிட்டனில் தொடங்கிய சோதனை, மாணவர்களுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்பு என்றது. 1968இல் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் சுமார் 3,60,000 பேரிடம் தொடங்கிய சோதனையோ, பெரியவர்களுக்குப் பயனில்லை என்றது. எதை நம்புவது?

பிடிக்காத முடிவு என்று செங்கற்பட்டை ஒதுக்க முடியவில்லை. அங்கே யாருக்குத் தடுப்பூசி, யாருக்கு வெற்றூசி என்பது குலுக்கல் முறையில் அமைந்தது. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எனவே ஒருசார்பு நுழைய இடம் குறைவு. 1994இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஒவ்வோர் ஆய்வுக்கும் தர மதிப்பெண் இட்டது. சராசரிப் பாதுகாப்பு 50 விழுக்காடு. ஆய்வின் தரமும், நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரமும் வேறுபாட்டிற்குப் பெருங்காரணங்கள் என்று கண்டது. குழந்தைகளைக் கடுங்காசநோயிலிருந்து காப்பதால் அவ்வூசி இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

ஆகவே நண்பர்களே, "முடிவு என்ன?" என்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்போம்: ஆட்களை எவ்வாறு பிரித்தனர்? நோயைக் கணித்தவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியுமா? இடையில் விலகியவர் கணக்கு எங்கே? விடை இல்லையேல், அம்மருந்துக்குக் கூலிப்பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நம் வீட்டாருக்குத் துணிந்து சொல்லலாம்.