445-ஆம் வாயில்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையை அண்டி வளர்ந்த பட்டறைகளிலோ, பூந்தமல்லியை அடுத்த திருமழிசைப் பேட்டையிலோ, பத்து இருபது பேர் வேலை செய்யும் ஒரு ஜாப் ஒர்க் கூடத்திற்குள் இன்று நுழைந்து பார்ப்பவர்கள், லேத்துகளுக்கும் டிரில்லிங் மெஷின்களுக்கும் நடுவே எண்ணெய்ப் பிசுக்கேறிய கேபிள் ஒன்று சுவரோரமாக ஓடி, முன்னறையிலுள்ள கணிப்பொறியில் போய்ச் சேர்வதைக் காணலாம். டாலிக் கணக்கு, வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடம், சி.என்.சி. லேத்துக்கு உரிய ப்ரோகிராம், ஸ்கேன் செய்த டெலிவரி சலான் ஆகிய யாவும் அந்த ஒரு கணிப்பொறியில் ‘ஷேர்’ செய்யப்பட்ட ஃபோல்டரில் இருக்கும்; கூடத்திலுள்ள மற்றக் கருவிகள் அதிலிருந்து எடுத்தும் அதில் வைத்தும் தொழிலை நடத்திக்கொண்டிருக்கும். இந்தச் சௌகரியம் எவ்வாறு இயங்குகிறது, அதனுள்ளே ஓர் அபாயம் எவ்வாறு நெடுங்காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்தது, கணிப்பொறியை இயக்கும் மென்பொருளைச் செய்கிறவர்கள் இத்தகைய வசதிகளைத் திறந்த நிலையில் நம்மிடம் கொடுப்பது நியாயமா, மூடிய நிலையில் கொடுப்பது நியாயமா என்பவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஒரு கணிப்பொறி மற்றொன்றிடமிருந்து ஒரு கோப்பைக் கேட்டுப் பெற வேண்டுமானால், கேட்பது யார், கேட்கப்படும் பொருள் எது, அதைப் படிக்க மட்டும் உரிமையா திருத்தவும் உரிமையா என்பனவற்றையெல்லாம் இரண்டும் ஒரே விதமாக அர்த்தம் செய்துகொள்ளும்படியான ஒரு சம்பாஷணை முறை வேண்டும். ஐ.பி.எம். ஸ்தாபனத்தில் பணியாற்றிய பாரி ஃபைகன்பாம் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் வகுத்த எஸ்.எம்.பி. என்பது அத்தகைய முறை. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்துத் தன் விண்டோஸில் நிரந்தர அங்கமாக்கிக்கொண்டது. ஒரே அலுவலகத்தில், ஒருவரையொருவர் அறிந்தவர்களின் மேஜைகளில் இருக்கும் கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காகவே அது சிருஷ்டிக்கப்பட்டதாகையால், அந்நியன் ஒருவன் உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்து பேச்சுக் கொடுக்கக்கூடும் என்ற எண்ணம் அதன் அமைப்பில் அதிகமாக இடம்பெறவில்லை. விண்டோஸ் விஸ்டாவோடு அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டிருந்த கட்டளைகள் 19-ஆகச் சுருக்கப்பட்டன. ஆயினும் பழைய இயந்திரங்களோடு உறவு அறுந்துவிடக் கூடாதென்று, முதற்பதிப்பும் அப்படியே உள்ளே விட்டுவைக்கப்பட்டது.

வலையில் இணைந்த ஒவ்வொரு கணிப்பொறியையும், எண்ணிட்ட வாயில்கள் 65,000-க்கு மேல் கொண்ட ஒரு மாளிகையாக மனத்தில் பாவித்துக்கொள்ளலாம். பெரும்பாலான வாயில்களுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அங்கே தட்டினால் கதவு திறக்காது. சில வாயில்களுக்குப் பின்னால் மட்டும் ஒரு நிரல், வருகிறவர் என்ன சொல்கிறார் என்று இடைவிடாமல் காது கொடுத்துக்கொண்டிருக்கும். எஸ்.எம்.பி.க்கு உரியது 445-ஆம் வாயில். இங்கே சாமானியர் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வந்தவர் யார் என்று விசாரிப்பதற்கும், அவர் காட்டும் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதற்கும், முதலில் அவர் அனுப்பிய செய்தியைப் படித்தாக வேண்டும். அந்தப் படிப்பில் ஒரு பிழை இருக்குமாயின், அனுமதியில்லாதவன் அனுமதி கேட்கும் பாவனையிலேயே உள்ளே புகுந்துவிடுவான். ஆகையால், வலுவான கடவுச்சொல் வைத்திருக்கிறோம் என்ற தைரியம் இவ்விஷயத்தில் செல்லாது. காது கொடுக்கும் நிரல் இருக்கிறது என்பதுதான் அபாயத்தின் மூலம்.

அப்படிப்பட்ட பிழை ஒன்று எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் இருந்தது. அது இருந்த இடத்தை விவரமாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். ஒரு கோப்புக்கு அதன் உள்ளடக்கத்தைத் தவிர, அதைப் பற்றிய சிறு குறிப்புகளின் பட்டியலும் உண்டு. 1987-ல் வெளிவந்த ஓ.எஸ்.2 என்னும் இயங்குதளம் அப்பட்டியலை ஒரு விதமாக எழுதியது. பின்னர் வந்த விண்டோஸ் என்.டி. வேறு விதமாக எழுதியது. முன்னதன் பட்டியலைப் பின்னதன் முறைக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறு பகுதியில், பட்டியலின் மொத்த நீளத்தைத் திருத்தி எழுத வேண்டிய இடத்தில், 32 பிட்டுகள் கொண்ட எண்ணின் பாதியான 16 பிட்டுகளை மட்டும் திருத்தி, மீதியைப் பழையபடியே விட்டிருந்தார்கள். விளைவாக, சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டு அதில் பெரிய பட்டியலைக் கொண்டுபோய்க் கொட்டும் நிலைமை உண்டாயிற்று; வழிந்த பகுதி பக்கத்து நினைவகத்தின் மீது எழுதப்பட்டது; வழிகின்ற எழுத்துகளைச் சாமர்த்தியமாக அமைப்பவனுக்கு, அவை கணிப்பொறியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு நிறைவேற்றப்படும் ஆணைகளாயின. ஓ.எஸ்.2-க்கு வழக்கமான ஆதரவை ஐ.பி.எம். நிறுவனமே 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. உபயோகிப்பவர் அநேகமாக ஒழிந்துபோன ஓர் இயங்குதளத்திற்குக் காட்டிய மரியாதை, 2017-லும் உலகெங்கும் உயிரோடு காது கொடுத்துக்கொண்டிருந்தது என்பது என்னைப் பெரிதும் வருத்துகிற செய்தி.

அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் இந்தப் பிழைக்குப் பரிகாரம் வெளியிட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி, இப்பிழையின் வழியே நுழையும் ஆயுதத்தை ‘ஷேடோ ப்ரோக்கர்ஸ்’ என்னும் முகம் தெரியாத கூட்டம் பகிரங்கப்படுத்தியது. அது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடமிருந்து களவு போனது என்று மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித் பின்னர் எழுதினார். மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்னும், தானாகவே பரவும் புழு நிரல் புறப்பட்டது. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைப் பணயமாகக் கேட்டது. எவரும் ஒரு மின்னஞ்சலைத் திறக்கவோ, எதையும் சொடுக்கவோ வேண்டியிருக்கவில்லை. புகுந்த கணிப்பொறியிலிருந்தே அது தன் அக்கம்பக்கத்தின் 445-ஆம் வாயில்களைத் தட்டிப் பார்த்து, காது கொடுத்தவற்றில் எல்லாம் புகுந்துகொண்டு போயிற்று. 150-க்கு மேற்பட்ட நாடுகளில் அது பரவியது. ஆந்திர மாநிலப் போலீஸ் நிலையங்களின் கணிப்பொறிகள் சிலவும், கேரளத்து வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தின் கணிப்பொறிகளும் அகப்பட்டன. நமக்கு அண்மையில், பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை சென்று தெற்கே திரும்பினால் வருகின்ற ஓரகடத்தில், ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையின் உற்பத்தியும் அந்த வாரக்கடைசியில் பாதிப்புக்குள்ளாயிற்று. கணிப்பொறித் துறைக்கென்று தனி இலாகாவே வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கு நேர்ந்த கதி அது.

பரிகாரம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டதே, போடாதவர்கள் மீதுதானே குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பட்டறையின் வாழ்க்கையை அறியாத உண்மை. பெரிய ஸ்தாபனங்களில் கணிப்பொறியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குபவர் இருக்கிறார். தொழிற்பேட்டையின் சிறு கூடத்தில் அந்த வேலை, கணக்கு எழுதும் பெண்ணின் தலையிலோ, ஃபோன் செய்தால் மறுநாள் பைக்கில் வந்து இறங்கும் சர்வீஸ்காரரின் தலையிலோ விழுகிறது. கப்பலேற வேண்டிய சரக்கு மெஷினில் இருக்கும்போது, அப்டேட் போட்டு ஏதாவது நின்றுபோனால் யார் பொறுப்பேற்பது என்று அஞ்சி, அப்டேட்டையே நிறுத்திவைத்திருக்கும் கூடங்கள் உண்டு. அத்தகைய இடத்தில், இயங்குதளத்தைச் செய்தவர் எதைத் திறந்து அனுப்பினாரோ அது திறந்தே இருக்கும். எதை மூடி அனுப்பினாரோ அது மூடியே இருக்கும். அங்கே கணிப்பொறிக்கு உண்மையான நிர்வாகி, பல ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அந்த ஆரம்ப நிலையைத் தீர்மானித்தவரே. மேலும், பரிகாரம் என்பது கண்டுபிடிக்கப்பட்ட பிழைக்கு மட்டுமே உண்டு. தேவையற்ற வாயிலை மூடிவைப்பதோ, இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்காத பிழையிலிருந்தும் காப்பாற்றும்.

ஆதலால், பெரும்பாலோர்க்கு வேண்டாத வலையம்சங்கள் மூடியே வர வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வாயில் தேவைப்படுகிறவன் அது மூடியிருப்பதை முதல் நாளே உணர்ந்து, விசாரித்துத் திறந்துகொள்வான். தேவையில்லாதவனுக்கோ, அப்படி ஒரு வாயில் தன் வீட்டில் இருப்பதே தெரியாதாகையால், அதை மூடும்படி அவனுக்குச் சொல்லிப் புரியவைப்பது ஏறக்குறைய அசாத்தியம். இந்தச் சித்தாந்தம் புதிதன்று. தியோ டி ராட் என்பவர் கனடாவிலிருந்து 1990-களின் நடுவில் தொடங்கிய ஓப்பன் பி.எஸ்.டி. இயங்குதளம், அத்தியாவசியமற்ற சேவைகளையெல்லாம் அணைத்தே கொடுக்கும் விரதத்தைப் பூண்டது. மைக்ரோசாஃப்டும் இதே பாடத்தை விலை கொடுத்துக் கற்றது. விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-ல் வெளிவந்தபோது அதில் ஃபயர்வால் எனப்படும் தடுப்புச்சுவர் ஒன்று இருந்தும், அது அணைந்த நிலையிலேயே இருந்தது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ புழு 135-ஆம் வாயில் வழியாகப் பரவி எண்ணற்ற வீடுகளின் கணிப்பொறிகளைத் திரும்பத் திரும்ப அணையச் செய்த பிறகு, 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக் அத்தடுப்புச்சுவரைத் தானாகவே இயங்கும்படி செய்தது. அதன் ஆரம்ப நிலை மாறியதால் கோடிக்கணக்கானவர்கள் பயனடைந்தார்கள்.

எஸ்.எம்.பி. முதற்பதிப்பை விட்டொழியுங்கள் என்று மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே பகிரங்கமாக வேண்டிக்கொண்டார். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, காது கொடுக்கும் பகுதி புதிய கணிப்பொறிகளில் நிறுவப்படுவதில்லை. முன்பே இருப்பவற்றிலும், அணைந்திருக்கும் நேரம் நீங்கலாக 15 நாள் ஒருவரும் உபயோகிக்காவிட்டால், அம்சம் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. உபயோகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிற இந்த ஏற்பாடு, எல்லோர்க்கும் ஒரே நாளில் கதவடைப்பதைக் காட்டிலும் எவ்வளவோ விவேகமானது.

மறுபக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுக்கு முன் பல லட்சம் கடனெடுத்து வாங்கிய சி.என்.சி. மெஷின் இன்றும் மைக்ரான் பிசகாமல் கடைகிறது. அதன் கண்ட்ரோலில் ஓடுவதோ விண்டோஸ் எக்ஸ்.பி., அதற்குத் தெரிந்ததோ எஸ்.எம்.பி. முதற்பதிப்பு ஒன்றே. முன்னறைக்குப் புதுக் கணிப்பொறி வாங்கிய மறுநாள், லேத்தின் திரையில் ஃபோல்டர் தெரிவதில்லை. ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் கோப்பு வந்து சேர்வதில்லை. திரையில் தோன்றும் பிழைச்செய்தியோ, காரணம் இன்னதென்று சொல்வதில்லை. சர்வீஸ்காரர் அரை நாள் போராடிவிட்டு, முதற்பதிப்பையும் திறந்து, சந்தேகத்துக்குத் தடுப்புச்சுவரையும் முழுவதுமாக அணைத்துவிட்டுப் போகிறார். பாதுகாப்புக்காகச் செய்த காரியம், முன்னிலும் மோசமான நிலையில் அந்தக் கூடத்தைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, கடவுச்சொல்லின்றி விருந்தாளியாக ஃபோல்டருக்குள் நுழைவதையும், கையொப்பமிடாத எஸ்.எம்.பி. பேச்சையும் ப்ரோ வகைக் கணிப்பொறிகளில் ஆரம்பத்திலேயே மறுத்தபோதும், பழைய சேமிப்புப் பெட்டிகளை வைத்திருந்தவர்களுக்கு இதே சங்கடம் உண்டாயிற்று. மூடுவது சரி, ஆனால் மூடுகிறவருக்கு இரண்டு கடமைகள் உண்டு என்று நான் கருதுகிறேன். தட்டியவருக்கு, இது இன்ன காரணத்தால் மூடப்பட்டிருக்கிறது என்று அவருடைய பாஷையிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். திறந்தே தீர வேண்டியவருக்கு, இந்த ஒரு லேத்துக்கு மட்டும் திறந்துகொள்ளும் வழியைச் சுலபமாக்கிக் கொடுக்க வேண்டும். முதலாவதில் எல்லா இயங்குதளங்களும் இன்றுவரை பின்தங்கியே இருக்கின்றன.

அதுவரையில் நம் கூடங்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உள்ளன. விண்டோஸின் கண்ட்ரோல் பேனலில் அம்சங்களைச் சேர்க்கவும் நீக்கவும் உள்ள பட்டியலைத் திறந்து, எஸ்.எம்.பி. 1.0 என்ற வரியின் எதிரே குறி இருக்கிறதா என்று பார்த்து, தேவையில்லையெனில் எடுத்துவிடலாம். பல ஸ்கேனர்கள் தம் செட்டிங்கிலேயே இரண்டாம் பதிப்புக்கு மாறக்கூடியவை. மாறாதவற்றைக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பும்படி அமைத்துக்கொள்ளலாம். பழைய லேத்துகளுக்கு வேறு கதியில்லையென்றால், அவற்றையும் அவற்றுக்கு ப்ரோகிராம் கொடுக்கும் ஒரு கணிப்பொறியையும் தனி ஸ்விட்ச் ஒன்றில் சேர்த்து, அந்த ஸ்விட்சிலிருந்து இன்டர்நெட் மோடத்துக்கோ டாலி இருக்கும் கணிப்பொறிக்கோ கேபிள் போகாமல் பிரித்து வைத்துவிட வேண்டும்.