உந்துருளி தெரிதல்

சென்ற ஆவணியில் ஒருநாள். மாலை வகுப்பு முடிந்தது. மாணாக்கர் எல்லாரும் கலைந்து சென்றனர். ஒருவன் மாத்திரம் விறாந்தைத் தூணருகில் நின்றான். படலையடியில் அவன் தாயார் நின்றார்.

"என்ன தம்பி, புணர்ச்சி விதியில் ஐயமோ?" என்றேன்.

அவன் வாய் திறக்கவில்லை. தாயார் முன்னே வந்தார்.

"இலக்கணம் இல்லை, ஐயா. மோட்டார்ச் சைக்கிள். கனடாவிலை இருக்கிற என்ரை தம்பி காசு அனுப்பிறன் எண்டு சொல்லிப்போட்டான். ஆனால் வாத்தியாரைக் கேட்டுத்தான் வேண்ட வேணுமாம்."

நூல் வாங்குதற்கு என்னைக் கேட்டவர் பலர். பெயர் சூட்டுதற்குக் கேட்டவரும் உளர். உந்துருளி தெரிதற்கு ஒரு தமிழ் வாத்தியாரை நாடுவது புதுமையே. ஆயினும் நான் நகைக்கவில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

பத்தாண்டுகளுக்கு முன்னர் வேறொரு மாணாக்கன் இதே விறாந்தையில் நின்று இதே வினாவை வினாவினான். அன்று நான் ஒரு சொல்லில் விடை கூறினேன். "வேண்டாம்" என்றேன். அவன் தலையசைத்துச் சென்றான். எப்படியோ பணம் திரட்டினான்; வண்டி வாங்கினான். இரண்டு மாதம் ஆகவில்லை. ஒருநாள் இரவு, உயர்ந்த மதிலொன்று வழியை மறைக்கும் முடக்கிலே, விளக்கில்லாமல் வந்த லான்ட்மாஸ்டர் பெட்டியில் மோதி இறந்தான். செத்தவீட்டுக்குப் போனேன். அவன் தந்தையார் என் கையைப் பற்றிக்கொண்டு ஒன்றே கேட்டார். "உங்களிட்டையும் கேட்டவனாமே, ஐயா?"

அவ்வினாவுக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. "வேண்டாம்" என்பது ஒரு கட்டளை. அது கல்வி அன்று. காரணம் கூறாது மறுத்த ஆசிரியன், தன் கடமையில் பாதியைச் செய்யாது விட்டவன் ஆவான். ஆதலால், இம்முறை, "இரும், தம்பி. ஆறுதலாகப் பேசுவோம்" என்றேன்.

அவன் விரும்பியது யமஹா ஆர்-15 என்னும் வண்டி. இவ்வகையை 'ஸ்போர்ட்ஸ் பைக்' என்கின்றனர். தமிழிற் சொன்னால் விளையாட்டு வண்டி. விளையாட்டு என்னும் சொல்லுக்கு நம் வழக்கில் இரண்டு பொருள் உண்டு. ஆடுகளத்தில் விதியுடன் ஆடுவது ஒன்று. கருத்தின்றிச் செய்வது மற்றொன்று. வண்டியைச் செய்தவர் முதற்பொருளை எண்ணிச் செய்தனர். வாங்கும் இளைஞர் சிலர் இரண்டாம் பொருளிற் செலுத்துகின்றனர். பிழை வண்டியின்பாற் பட்டதன்று.

திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்கு வகுத்த முறை அது. பத்தொன்பது வயதுப் பிள்ளை வண்டி வாங்குவதற்கும் அதுவே போதும் என்று கருதினேன்.

முதலாவது வலி. வண்டியின் வலியும் அறிதல் வேண்டும். தன் வலியும் அறிதல் வேண்டும்.

1958 இல் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. அதன் இயந்திரக் கொள்ளளவு 49 கன சென்ரிமீற்றர். வலு ஏறத்தாழ நாலரைக் குதிரைவலு. அக்குடும்பத்து வண்டிகள் 2017 அளவில் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையை எட்டின. நம் ஊர் ஒழுங்கைகளில் ஓடிய சி-90, எம்.டி-90 ஆகியனவும் அக்குடும்பத்தனவே. 1990 இன் பின்னர்ப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிய மருந்தாயிற்று. அப்பொழுது நாம் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடினோம். புகை கண்ணைக் கரிக்கும்; வேகம் இராது. நானும் என் இருபதாம் வயதில் அவ்வாறு ஓடியே பழகினேன். இன்று நினைக்குங்கால், வேகமின்மையே எமக்கு ஆசிரியனாய் இருந்தது என்று தோன்றுகின்றது. பிழை விட்டோம், விழுந்தோம், முழங்காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம்.

ஆர்-15 வண்டி 2008 இல் இந்தியாவில் வெளிவந்தது. அப்பொழுது அதன் கொள்ளளவு 150 கன சென்ரிமீற்றர் அளவினது. வலு 17 குதிரைவலுவை அண்டியது. இப்பொழுது 155 கன சென்ரிமீற்றர்; வலு 18 இற்குச் சற்று மேல். நீர் கொண்டு குளிரூட்டும் இயந்திரம், ஆறு கியர்கள். உலகத்துப் பெரிய வண்டிகளோடு ஒப்பிடின் இது சிறு வண்டியே. ஆனால் அந்தப் பழைய சூப்பர் கப்போடு ஒப்பிடின் வலு நான்கு மடங்கு. தேர்வலவன் ஒருவனுக்கு முதல் நாளிலேயே நான்கு மடங்கு குதிரைகளைப் பூட்டிக் கொடுப்பாருண்டோ?

"ஐயா, அதின்ரை பிறேக்கு நல்லது" என்றான் மாணாக்கன்.

உண்மையைச் சொன்னான். அதனை மறுத்தல் அறமன்று. இத்தகைய வண்டியின் சட்டகம் உறுதியானது. ரயர்கள் நிலத்தை நன்கு பற்றும். சில்லு இறுகிச் சறுக்காதபடி காக்கும் ஏபிஎஸ் என்னும் தடுப்புமுறையும் புதியவற்றில் உண்டு. பழைய வண்டி பலவற்றினும் இது நன்றாக நிற்கும். ஆனால் வண்டி நிற்பதற்கு முன்னர் மனிதன் காண வேண்டும். கண்டு கருத வேண்டும். கருதிக் கையை இறுக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு வினாடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். அதன் பின்னரே தடுப்பு வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரட்டித்தால், தடுப்புப் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இக்கணக்கை எந்தப் பிறேக்கும் மாற்றாது.

இரண்டாவது இடம். மறுநாள் காலை அவனையும் அழைத்துக்கொண்டு நகரத்தில் ஒரு விற்பனை நிலையத்துக்குச் சென்றேன். "ஏறி இரும்" என்றேன். ஏறினான். இருக்கையின் உயரம் 815 மில்லிமீற்றர். அவன் நெடியவன் அல்லன். நுனிக்கால்களே நிலத்திற் பட்டன. கைப்பிடி தாழ்ந்திருந்தது, உடல் முன்னே சாய்ந்தது, பாரம் மணிக்கட்டில் இறங்கியது. இஃது ஓட்டப்பந்தயக் களத்துக்கு உரிய இருக்கை. காற்றைக் கிழித்துச் செல்வதற்கு உகந்தது.

"கைப்பிடியைத் திருப்பும்" என்றேன். சிறிது திரும்பியது, பின்னர் நின்றது. அவன் முகத்தில் ஒரு சிந்தனை தோன்றியது. அவன் வீட்டு ஒழுங்கையை நான் அறிவேன். இருபுறமும் வேலி, நடுவே மணல், ஒரு மாட்டு வண்டி போனால் மறுவண்டி ஒதுங்க இடமில்லை. அவ்வொழுங்கையில் மிதிவண்டியை ஒரே வீச்சில் திருப்புகின்றவன், இந்த 140 கிலோகிராம் வண்டியை நுனிக்காலில் நின்று முன்னும் பின்னும் தள்ளித் திருப்ப வேண்டும். மணலிற் கால் சறுக்கினால் வண்டி சரியும். சரிந்தால் முதலில் உடைவது, அவன் பெரிதும் விரும்பிய அந்த அழகிய பிளாத்திக்கு உறை.

குடாநாட்டில் மலையில்லை, ஏற்றம் இல்லை. பெருவலுவுக்கு இங்கே வேலையும் இல்லை. உள்ளவை முடக்குகளும் மதில்களும், குறுக்கே ஓடும் ஆடும் நாயும், கூட்டமாய் வரும் பள்ளிப்பிள்ளைகளுமே. 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. மறு ஆண்டில் அது காங்கேசன்துறையை அடைந்தது. அதனோடு வீதிக்குக் குறுக்கே தண்டவாளமும் வந்தது. மழையில் நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடப்பது, கற்றுக்குட்டிக்கு ஒரு பரீட்சை.

மூன்றாவது காலம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வல்லை வெளியைக் கடந்தவருக்கு நான் சொல்வது விளங்கும். மறைப்பு ஒன்றும் இல்லாத அவ்வெளியில் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். பெரிய உறை பூண்ட வண்டி அக்காற்றுக்குப் பாய்போல் ஆகும். மாரியில் வெள்ளம் வீதிக்குழியை மூடிவிடும். குழியின் ஆழம் விழுந்த பின்னரே தெரியும். இரவிலோ, விளக்கில்லா வண்டிகள். ஆதலால், பழகுவோன் தன் முதல் மாரியைச் சிறு வண்டியிற் கழிப்பது நன்று.

பொருளாதார காலமும் நோக்கற்பாலது. 2020 இல் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2025 இலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடையில் பழைய வண்டியின் விலையும் ஏறிற்று. 2022 இல், எரிபொருட் பங்கீட்டிலே, உந்துருளிக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கினர். அந்நாளில் வரிசையில் நின்றவன் எவனும் வண்டியின் அழகை வியக்கவில்லை. ஒரு லீற்றருக்கு எத்துணைத் தூரம் என்றே கேட்டான்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதனை நான் சொல்லவில்லை. அவன் தாயார் சொன்னார். விற்பனை நிலைய வாயிலில் நின்றவர், வண்டியின் பின்னிருக்கையைப் பார்த்தார். அது முன்னிருக்கையினும் உயர்ந்து, ஒரு சிறு பலகைபோல் இருந்தது.

"இதிலை நான் எங்கை தம்பி இருக்கிறது?" என்றார்.

அவ்வளவே. சேலை உடுத்த தாய் அதில் ஒருபக்கமாய் அமர இயலாது. தந்தையில்லாத வீடு. ஆசுபத்திரிக்கும் சந்தைக்கும் நல்லூருக்கும் அவரைக் கொண்டு செல்ல வேண்டியவன் அவன் ஒருவனே. மகன் தலைகுனிந்தான். நான் கூறிய மூன்று காரணத்தினும் அந்த ஒரு வினா ஆழமாய்ச் சென்றது.

நம் நாட்டுச் சட்டமும் ஒரு படிமுறையைக் காட்டுகின்றது. பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 100 கன சென்ரிமீற்றர் வரையுள்ள வண்டிக்கு ஒரு வகுப்பு; அதற்கு மேற்பட்டதற்கு வேறு வகுப்பு. மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்பன உண்டு. பால பண்டிதம் கற்காமல் பண்டிதத்துக்கு அமர்வாரில்லை. வண்டியிலும் அம்முறையே நேர்முறை.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். 'அரேபிய லோரன்ஸ்' என்று உலகம் அறிந்த தி. இ. லோரன்ஸ் ஒரு படைவீரர், எழுத்தாளர், ஹோமரின் ஒடிசியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பெரிய உந்துருளிகளில் அவருக்கு அடங்காக் காதல். 1935 மே மாதத்தில், மிதிவண்டியில் வந்த சிறுவர் இருவருக்கு விலகும்போது, தம் வண்டியினின்றும் தூக்கியெறியப்பட்டார். தலைக்கவசம் இல்லை. ஆறு நாளின் பின் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கேண்ஸ், அதன் பின்னர் உந்துருளியோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் தலைக்கவசத்தின் இன்றியமையாமையைக் கட்டுரையாக வெளியிட்டார். மிதிவண்டிச் சிறுவர் நிறைந்த நம் வீதிகளுக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. நம் பிள்ளைகள் பலர் கவசத்தை வாங்குகின்றனர். கைப்பிடியில் தொங்கவிட்டுச் செல்கின்றனர். பொலிஸாரைக் கண்டால் அணிகின்றனர். உடைவது தலையே அன்றிக் கைப்பிடி அன்று.

வீடு திரும்பும் வழியில், "ஐயா, நீங்கள் 'வேண்டாம்' எண்டு சொல்லேல்லை" என்றான் மாணாக்கன்.

"சொல்லேன். ஒருகால் சொன்னேன், அது பயன்படவில்லை" என்றேன். அந்த முடக்கை அப்பொழுதுதான் கடந்தோம். மதில் இன்னும் அப்படியே நின்றது. அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் மிதிவண்டியை நிறுத்தி, சிறிதுநேரம் அம்மதிலைப் பார்த்தான்.

இரண்டு கிழமை சென்றது. அவன் 125 கன சென்ரிமீற்றர் அளவினதாகிய ஒரு சாதாரண வண்டியை வாங்கினான். நிமிர்ந்து இருக்கலாம், இரு காலும் நிலத்திற் படும், பின்னால் நீண்ட இருக்கை. மாமனார் அனுப்பிய காசில் இரண்டு நல்ல தலைக்கவசம் வாங்கினான். மிச்சத்தை வங்கியில் இட்டான். "ஒரு வருஷம் ஓடிப்போட்டுத் திரும்ப வந்து கேப்பன், ஐயா" என்றான். வரட்டும். அப்பொழுது அவன் ஆர்-15 ஐயே விரும்பினும் நான் மறுக்கப்போவதில்லை. அவன் கை அன்று பழகியிருக்கும், கண்ணும் பழகியிருக்கும்.

விளையாட்டு வண்டியை விரும்பும் இளைஞர் தீயோர் அல்லர். வேகத்தை விரும்புதல் இளமைக்கு இயல்பு. அவர்களைக் கடிந்து ஒதுக்கும் ஆசிரியரும், கேளாமற் பணம் அனுப்பும் உறவினரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர். இருவரும் பிள்ளையோடு இருந்து ஆராயவில்லை. பிள்ளை கேட்கும்பொழுது ஒரு மாலைப்பொழுதை அவனுக்குக் கொடுத்தல் வேண்டும். நான் அதனைப் பத்தாண்டு பிந்திக் கற்றேன்.

இப்பொழுது வகுப்பு நாட்களில் ஐந்து மணிக்கு அவன் வண்டியின் ஒலி ஒழுங்கை முகப்பிற் கேட்கும். முடக்கருகில் அது தணியும். ஒருமுறை ஒலிப்பான் ஒலிக்கும். பின்னர்ப் படலையடியில் நிற்கும். அவ்வொலி கேட்ட பின்னரே நான் புத்தகத்தைத் திறக்கின்றேன்.